மலையில் கோலிஃபார்ம் சோதனை: ஊடகப் பொடிக்கு முன் வெப்பத்தைக் கவனியுங்கள்

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் பாட்டிலில் அந்த நீரை ஊற்றி இரண்டு நாள் மேசை மேல் வைத்திருந்தோம், கறுக்கவில்லை. நீர் நல்லது என்று கொள்ளலாமா? மாணவர்களை வைத்து முறையாகக் கோலிஃபார்ம் சோதனை செய்ய ஆசை. விலைப்பட்டியலில் மெக்கான்கி, லாரில் டிரிப்டோஸ், எண்டோ, இ.எம்.பி. என்று பல ஊடகங்கள் இருக்கின்றன. எதை வாங்குவது? பள்ளியில் பிரஷர் குக்கர் இருக்கிறது, இன்குபேட்டர் இல்லை."

அம்மா, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே வெப்பத்தைக் காத்துவைக்கும் பெட்டியான இன்குபேட்டர் இல்லாத மலை ஊரில் எந்த ஊடகத்தை, அதாவது நுண்ணுயிரியை வளர்க்கும் உணவுக் கலவையை, வாங்கினாலும் காசு வீண். பாட்டில் கறுக்காததை வைத்து ஊற்று நீர் நல்லது என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். அந்தச் சோதனை இன்னும் நடக்கவே இல்லை.

காரணம் எளியது. ஹைட்ரஜன் சல்பைடு சோதனை குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 1982-இல் வெளியானது. பெப்டோன், தயோசல்பேட், இரும்பு உப்பு, கொஞ்சம் சோப்புநீர்மம் ஆகியவற்றைத் தாளில் ஊறவைத்து உலர்த்திப் பாட்டிலில் இட்டிருப்பார்கள். மலத்தோடு வரும் சில நுண்ணுயிரிகள் தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்க, அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. 30 முதல் 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் பொதுவாக ஓர் இரவுக்குள், நீர் மோசமாக இருந்தால், கறுத்துவிடும். சமவெளியில் கோடையில் மேசை மேல் வைத்தாலே போதும். நம் ஊரில் ஆடி மாதத்து அறை 15, 16 டிகிரியில் நிற்கிறது. தை மாதத்து உதகையில் இரவு 10 டிகிரிக்கும் கீழே போகிறது. உடல் வெப்பத்தில் வாழப் பழகிய நுண்ணுயிரி அந்தக் குளிரில் சாவதில்லை, பெருகாமல் கிடக்கிறது. பாட்டில் தெளிவாகவே இருக்கும். அதே நீரைக் குடித்த குழந்தையின் குடலிலோ 37 டிகிரி தயாராக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மல மாசைக் காட்டிக்கொடுக்கும் குடல் நுண்ணுயிரியான ஈ.கோலை பொதுவாக ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குவதில்லை. சிட்ரோபாக்டர், புரோட்டியஸ், சால்மோனெல்லா, குளோஸ்டிரிடியம் போன்றவைதான் அந்தப் பாட்டிலைக் கறுக்கச் செய்கின்றன. ஆகவே அது மல மாசுக்கான முதற்கட்ட எச்சரிக்கை மட்டுமே. அதைக் கோலிஃபார்ம் சோதனை என்று அழைப்பது தவறு. சரியான வெப்பத்தில் வைத்தால் பயனுள்ள எச்சரிக்கைதான்.

இனி ஊடகங்கள். கோலிஃபார்ம் என்பது ஓர் இனத்தின் பெயரல்ல. கிராம் சோதனையின் ஊதாச் சாயத்தைத் தக்கவைக்காத, கோல் வடிவமான, வித்து (வெப்பம் தாங்கும் உறங்குநிலை வடிவம்) உண்டாக்காத, லாக்டோஸை 35 முதல் 37 டிகிரியில் 48 மணி நேரத்துக்குள் நொதிக்கச் செய்து அமிலமும் வாயுவும் தரும் நுண்ணுயிரிகள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் அடங்கும். கவனியுங்கள், வரையறைக்குள்ளேயே வெப்பநிலை உட்கார்ந்திருக்கிறது. அந்த வெப்பம் இல்லையென்றால் நீங்கள் எதைக் கண்டாலும் அது கோலிஃபார்ம் என்று சொல்ல உரிமையில்லை. எதைக் காணாவிட்டாலும் இல்லை என்று சொல்லவும் உரிமையில்லை.

இந்த வரையறையை அப்படியே குழாய்க்குள் கொண்டுவந்ததுதான் மெக்கான்கி குழம்பு. லிவர்பூலில் பணியாற்றிய ஆல்பிரட் மெக்கான்கி 1900-இலும் 1905-இலும் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. லிட்டருக்குப் பெப்டோன் 20 கிராம், லாக்டோஸ் 10 கிராம், பித்த உப்பு 5 கிராம், சாதாரண உப்பு 5 கிராம், நிறங்காட்டியாகச் சிறிதளவு புரோமோகிரசால் பர்ப்பிள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை. பெப்டோன் உணவு. லாக்டோஸ் பரீட்சை. குடலில் வாழாத பல நுண்ணுயிரிகளைப் பித்த உப்பு தடுத்துவிடுகிறது. பித்தத்துக்கு நடுவிலேயே பிழைத்துப் பழகிய குடல்வாசிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அமிலம் உண்டானால் ஊதா நிறம் மஞ்சளாகும். வாயுவைப் பிடிக்க, உள்ளே தலைகீழாக ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருக்கும். ஹெர்பர்ட் டர்ஹாம் 1898-இல் அறிமுகப்படுத்தியதால் டர்ஹாம் குழாய். நொதித்தலில் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. முதலாவது பெரும்பாலும் நீரில் கரைந்துவிடுவதால், குழாயின் உச்சியில் நிற்கும் குமிழியில் ஹைட்ரஜனுக்குப் பெரும் பங்கு உண்டு.

பலர் தடுமாறும் இடம் இரட்டைச் செறிவு. 10 மி.லி. நீரை 10 மி.லி. குழம்பில் ஊற்றினால் குழம்பு பாதியாக நீர்த்துப்போகும். பித்த உப்பும் பாதி, லாக்டோஸும் பாதி. அதனால் 10 மி.லி. மாதிரி ஊற்றும் குழாய்களில் பொடியை இரட்டிப்பாகக் கரைத்திருக்க வேண்டும். 1 மி.லி., 0.1 மி.லி. ஊற்றும் குழாய்களுக்கு ஒற்றைச் செறிவு போதும். 10 மி.லி. வீதம் ஐந்து குழாய்கள் வைத்து அவற்றில் ஒன்றில் மட்டும் வாயு வந்தால் 100 மி.லி. நீரில் ஏறத்தாழ 2.2 கோலிஃபார்ம், இரண்டில் வந்தால் 5.1, மூன்றில் 9.2, நான்கில் 16. இது எண்ணிப் பார்த்த கணக்கல்ல, நிகழ்தகவுக் கணக்கு. எத்தனை குழாய் வெறுமையாக நின்றது என்பதிலிருந்து நீரில் எத்தனை இருந்திருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணித ஆசிரியரையும் அழைத்துக்கொண்டால் அருமையான பாடம் கிடைக்கும்.

லாரில் டிரிப்டோஸ் குழம்பும் இதே வேலையைச் செய்வதுதான். பித்த உப்புக்குப் பதில் லிட்டருக்கு 0.1 கிராம் சோடியம் லாரில் சல்பேட் இருக்கும். பித்தம் விலங்குப் பொருள்; தயாரிப்புக்குத் தயாரிப்பு தரம் சற்று மாறும். லாரில் சல்பேட்டில் அந்தத் தொல்லை குறைவு. குளோரினால் அடிபட்டுத் தளர்ந்த கோலிஃபார்ம்களும் இதில் ஓரளவு எளிதாக மீள்கின்றன. அதனால் முதற்கட்டத்துக்கு இதைத்தான் நான் விரும்புவேன்.

முதற்கட்டம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. லாக்டோஸை நொதிக்கச் செய்யும் குளோஸ்டிரிடியம் போன்ற வித்துயிரிகளும் சில சமயம் வாயு தருகின்றன. வாயு வந்த குழாயிலிருந்து ஒரு கம்பிக் கண்ணி அளவு எடுத்துப் பிரில்லியன்ட் கிரீன் பித்தக் குழம்பில் இட வேண்டும். அதில் லிட்டருக்கு 20 கிராம் பித்தமும், 13 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகப் பச்சைச் சாயமும் இருக்கும். வித்துயிரிகள் அதில் தாங்குவதில்லை. அங்கேயும் 48 மணி நேரத்துக்குள் வாயு வந்தால்தான் கோலிஃபார்ம் உறுதி.

இந்தக் குழம்புகளைப் பற்றி எழுதப்பட்ட கையேடுகள் பெரும்பாலும் வெதுவெதுப்பான அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் அறையே குளிர்பெட்டிபோல் இருப்பதால் சில விநோதங்களைச் சந்திப்பீர்கள். குளிரில் வைத்த குழம்பில் காற்று அதிகமாகக் கரைந்திருக்கும். அப்படியே 37 டிகிரியில் வைத்தால் கரைந்த காற்று வெளியேறி டர்ஹாம் குழாயில் குமிழியாகச் சேரும். அதைப் பார்த்து "வாயு வந்துவிட்டது" என்று எழுதினால் நல்ல ஊற்றின் மேல் பழி விழும். மாதிரியை ஊற்றுவதற்கு முந்தைய இரவே குழாய்களை இன்குபேட்டரில் வையுங்கள். காலையில் குமிழியோ கலங்கலோ உள்ள குழாயை ஒதுக்கிவிடுங்கள். லாரில் டிரிப்டோஸ் குழம்பு குளிரில் மங்கலாகும். கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம், சூடேறினால் தெளியும். ஊடகப் பொடி ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பருவமழை மூட்டத்தில் புட்டியைத் திறந்துவைத்துவிட்டு எடைபோடப் போனால் பொடி கட்டிதட்டும், கட்டிதட்டியது நம்பத்தக்கதல்ல. சிறிய புட்டியாக வாங்கி, திறந்தவுடன் இறுக்கி மூடி, சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் வையுங்கள்.

இப்போது குக்கருக்கு வருகிறேன். இதுதான் மலையில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம்.

ஊடகத்தை 121 டிகிரியில் 15 நிமிடம் கிருமிநீக்கம் செய்யச் சொல்வார்கள். கடல் மட்டத்தில் குக்கரின் வெயிட் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் கொடுக்கும்போது உள்ளே அந்த வெப்பம் வரும். ஆனால் வெயிட் தருவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள கூடுதல்தான். 2,240 மீட்டர் உயரத்து உதகையில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. வெளியே குறைந்தது உள்ளேயும் குறையும். அதே வெயிட்டோடு உதகையில் குக்கர் 117 டிகிரி அளவில் நின்றுவிடும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள உங்கள் கோத்தகிரியில் அரை டிகிரி கூடுதலாக இருக்கலாம். நான்கு டிகிரிதானே என்று தோன்றும். வெப்பம் தாங்கும் வித்துகளைக் கொல்லும் கணக்கில் நான்கு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேரம் வேண்டும். அதாவது 15 நிமிட வேலைக்கு 35 முதல் 40 நிமிடம்.

அப்படி நேரத்தை நீட்டினால் லாக்டோஸ் பாதிக்கப்படும். நீண்ட சூட்டில் அதில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடையும், குழம்பு பழுப்பேறும். குளுக்கோஸை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிரிகள் எத்தனையோ உண்டு. லாக்டோஸ் என்ற பரீட்சையே எளிதாகிவிடும். பெரிய குடுவையில் காய்ச்சினால் சூடேறவும் ஆறவும் ஆகும் நேரமும் சேர்ந்து நிலைமை மோசமாகும். 10 மி.லி. குழாய்களாகப் பிரித்து, குக்கரில் காற்று முழுதும் வெளியேறி ஆவி சீராக வந்த பிறகு வெயிட்டைப் போட்டு, முடிந்ததும் தாமதிக்காமல் எடுத்தால் சமாளிக்கலாம். அழுத்தத்தை மாற்றிவைக்கக்கூடிய ஆட்டோகிளேவ் (ஆய்வகத்துக் குக்கர்) இருந்தால் உதகையில் 18 முதல் 19 பவுண்டு, கோத்தகிரியில் 18 பவுண்டு வைத்தால் 121 டிகிரி கிடைக்கும். அந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்ட கருவியாக இருக்க வேண்டும். வீட்டுக் குக்கரின் வெயிட் மேல் எதையாவது கட்டி அழுத்தத்தைக் கூட்ட யாரும் முயலக் கூடாது, வெடிக்கும்.

தட்டில் ஊற்றும் ஊடகங்களில் எண்டோ, எம்-எஃப்.சி. போன்றவற்றை ஆட்டோகிளேவில் வைப்பதே இல்லை. கொதிநிலை வரை சூடாக்கினால் போதும். நம் கொதிநிலை உதகையில் 92, 93 டிகிரி. ஊடகத்தை இறுகவைக்கும் அகர் அதிலும் கரையும், ஆனால் சற்றுப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் தட்டில் சில இடம் இறுகும், சில இடம் நீராக நிற்கும். (இந்த அகர் எங்கோ தூரத்துச் சரக்கு என்று மாணவர்கள் நினைப்பார்கள். மண்டபம் கரையோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுங்கள்.)

எண்டோவில் லாக்டோஸை நொதிக்கும் காலனி (ஓரிடத்தில் பெருகிய நுண்ணுயிரித் திட்டு) பச்சையான உலோகப் பளபளப்போடு மின்னும். நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, அந்தத் தாளைத் தட்டில் வைத்து வளர்த்து, காலனிகளை எண்ணும் முறைக்கு ஏற்றது. அழகான முறை. ஆனால் அதிலுள்ள ஃபுக்சின் சாயம் புற்றுநோய் ஐயத்துக்குரியது. வெளிச்சம் பட்டால் தட்டு தானே சிவக்கும். மழைக்காலத்துச் சேற்றுநீர் வடிதாளை அடைத்துவிடும். பள்ளிக்கு வேண்டாம். இ.எம்.பி. அகர் வாயு வந்த குழாயிலிருந்து எடுத்துத் தட்டில் கோடாகத் தீற்றி வளர்த்துப் பார்த்து ஈ.கோலையை அடையாளம் காண உதவும். திறந்த தட்டும் உயிருள்ள வளர்ப்பும் சேர்ந்த வேலை என்பதால் அதுவும் கல்லூரி ஆய்வகத்துக்கு உரியது.

மொத்தக் கோலிஃபார்மோடு நிறுத்திவிட முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது, அதுவும் நம் மலையில். கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் எல்லாம் மண்ணிலும் இலைமக்கிலும் இயல்பாக வாழக்கூடியவை. சோலைக் காட்டின் மக்கு வழியாகக் கசிந்து வரும் ஊற்றில், மேலே மனிதரோ மாடோ இல்லாவிட்டாலும், மொத்தக் கோலிஃபார்ம் காட்டலாம். அதை வைத்து ஊரைப் பயமுறுத்துவது நியாயமல்ல. ஊற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் உறிஞ்சுகுழி இருக்கிறது, கேரட் பாத்திக்குச் சாணமும் கோழி எருவும் கொட்டியிருக்கிறார்கள் என்றால் கதை வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஈ.கோலை. உறுதியான கோலிஃபார்மை 44.5 டிகிரியில் மறுபடி வளர்த்தால் வெப்பம் தாங்கும் வகை மட்டும் வாயு தரும். உயர்ந்த வெப்பத்தில் குடல்வாசிகளைப் பிரித்தறியும் இந்த எண்ணம் கிறிஸ்டியான் எய்க்மன் 1904-இல் முன்வைத்தது. பெரிபெரி நோய் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அதே எய்க்மன்தான். சில கிளெப்சியெல்லாவும் இந்த வெப்பத்தைத் தாங்கும் என்பதால் டிரிப்டோன் நீரில் 44.5 டிகிரியில் வளர்த்து, கோவாக்ஸ் கரைசலைச் சேர்த்து, சிவப்பு வளையம் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். வந்தால் ஈ.கோலை. இதற்கு அரை டிகிரி பிசகும் ஆகாது. மூடிய வெந்நீர்த் தொட்டி வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்வதும் இதுதான்: குடிக்கும் எந்த நீரிலும் 100 மி.லி. மாதிரியில் ஈ.கோலையோ வெப்பம் தாங்கும் கோலிஃபார்மோ தென்படவே கூடாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு உங்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறொன்று: நொதிப்பொருள் ஊடகம். 1980-களின் இறுதியில் வந்தது. ஓ.என்.பி.ஜி., எம்.யு.ஜி. என்ற இரு சேர்மங்கள் இதில் இருக்கும். கோலிஃபார்மின் கேலக்டோசிடேஸ் நொதி முதலாவதை உடைத்தால் நீர் மஞ்சளாகும். ஈ.கோலையிடம் உள்ள குளுக்குரோனிடேஸ் இரண்டாவதை உடைத்தால், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். கிருமிநீக்கம் செய்த பொட்டலமாகவே வருகிறது, 100 மி.லி. நீரில் கொட்டி, மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் போதும். குக்கர் தொல்லை இல்லை, 44.5 டிகிரித் தொட்டி தேவையில்லை, மாணவர் யாரும் வளர்ப்பைத் திறக்க வேண்டியதில்லை. விலை கூடுதல் என்பது உண்மை. மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று அளவாகச் செய்யுங்கள். ஈ.கோலையில் மிகச் சில வகைகள், குறிப்பாக ஆபத்தான ஓ157 வகை, பொதுவாக ஒளிர்வதில்லை. மஞ்சளாகி ஒளிராத மாதிரியை உடனே நல்லது என்று எழுதாமல் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஆக, முதலில் இன்குபேட்டர். வாங்கும்போது ஒரு சிறு புட்டியில் நீரும் அதனுள் தெர்மாமீட்டரும் வைத்து, மேல்தட்டு கீழ்த்தட்டு இரண்டிலும் அளந்து பாருங்கள். காட்டும் எண்ணை நம்பாதீர்கள். வெளியே 12 டிகிரியாக இருக்கும்போதும் உள்ளே 35 டிகிரி நிற்க வேண்டும். குளிர்ந்த 100 மி.லி. பாட்டில் சூடேறச் சில மணி நேரம் ஆகலாம். வெதுவெதுப்பான நீரில் வைத்து 35 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே 24 மணி நேரக் கணக்கைத் தொடங்குங்கள். மழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் நாட்கள் உங்களுக்கே தெரியும். அன்று பாட்டில்களைத் தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர்ப் புட்டிகளோடு வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து மாற்றலாம். வெப்பம் நெடுநேரம் இறங்கிவிட்டால் அந்தச் சோதனையை விட்டுவிட்டு மீண்டும் மாதிரி எடுப்பதே முறை.

மாதிரியை ஊற்றின் வாயில் ஒன்று, தொட்டியில் ஒன்று, வீட்டுக் குழாயில் ஒன்று என எடுங்கள். மாசு எங்கே சேர்கிறது என்று அப்போதுதான் தெரியும். முதல் கனமழைக்கு மறுநாள் எடுத்தது வறண்ட நாளில் எடுத்ததைவிட அதிகம் சொல்லும். குழாயைச் சுடரில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, கிருமிநீக்கிய புட்டியில் கழுவாமல் பிடிக்க வேண்டும். குளோரின் போட்ட நீரானால் புட்டியில் முன்பே சிறிது சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லையேல் வழியிலேயே குளோரின் தன் வேலையைத் தொடர்ந்து, குழாய்நீர் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். பனிக்கட்டிப் பையோடு வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்குவது நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்புவதானால் இறங்க இறங்க வெயில் ஏறும், பையில் பனிக்கட்டி தாராளமாக இருக்கட்டும்.

முடிந்த பாட்டில்களைத் திறக்காமல் குக்கரில் வைத்து, நம் உயரத்துக்கு 40 நிமிடம் அவித்த பிறகே கொட்டலாம். குக்கருக்குள் வைக்கும்போது மூடியை எடுக்காமல் சற்றுத் தளர்த்தி மட்டும் வையுங்கள். மஞ்சளும் ஒளிர்வும் சேர்ந்து வந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அதே இடத்து நீரைக் கொடுத்து எழுத்தில் முடிவு வாங்குங்கள். ஊராட்சியிடம் போகும்போது பள்ளிச் சோதனையைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டு, குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சி நிற்கிறதா என்று பார்த்து, மீண்டும் மாதிரி எடுங்கள். அதுவரை பிள்ளைகளுக்குக் காய்ச்சிய நீர்தான். நம் கொதிநிலை குறைவென்று அஞ்ச வேண்டாம். 92 டிகிரியும் ஈ.கோலைக்குப் போதுமானதுக்கு மேல். தளதளவென்று கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட்டு இறக்கி, மூடியே ஆறவையுங்கள்.